38 சதவீதத்தில் அணையும் லேப்டாப்: பேட்டரி கெட்டதா, கணக்கு கெட்டதா?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு பார்ப்பவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது: லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, விண்டோஸ் 11. வார நாட்களில் காலை முதல் மாலை வரை சார்ஜரிலேயே கிடக்கும். சனிக்கிழமை சேலத்தில் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போவார். கொஞ்ச நாளாக, கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது 38, 40 சதவீதம் பக்கம் வந்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் 5 சதவீதம் என்கிறது. சேலத்தில் இந்தத் தொல்லை குறைவு, மலைமேல் அதிகம். சேலத்தில் ஒரு கடையில் மதர்போர்டு என்கிறார்கள், இன்னொரு கடையில் பேட்டரி என்கிறார்கள். யார் சொல்வது சரி? ஏற்காட்டுக் குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மதர்போர்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கும். பேட்டரியின் செல்கள் தேய்ந்திருக்கும். தேய்ந்த விஷயம் சதவீதம் சொல்லும் சிப்புக்குத் தெரிந்திருக்காது. எது எவ்வளவு என்பதை நீங்களே வீட்டில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில், அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று நேரடியாக அளந்து சொல்லும் கருவி எதுவும் லேப்டாப்பில் இல்லை. பேட்டரி பேக்குக்குள்ளேயே கேஜ் சிப் என்று ஒன்று இருக்கிறது. மிகச் சிறிய ஒரு ரெசிஸ்டர் வழியாக உள்ளே போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் அது ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். கணக்கு எழுதுபவர் என்பதால் உங்களுக்கு இது எளிதாகப் புரியும். கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ணாமல், வரவு செலவு நோட்டை மட்டும் பார்த்து இருப்பு சொல்வது போன்ற வேலை அது. நோட்டில் எழுதாத சின்னச் சின்னச் செலவுகள் உண்டு. லேப்டாப்பை மூடி வைத்திருக்கும்போது பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும், அது ரெசிஸ்டர் வழியாகப் போகாது. மிகக் குறைந்த கரண்ட் ஓடினால் அளவு துல்லியமாக இருக்காது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் நோட்டு ஒன்று சொல்லும், கல்லா வேறொன்று சொல்லும்.

வோல்டேஜைப் பார்த்து இருப்பைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். லித்தியம் அயான் செல்லில் அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு செல் முழுதாக ஏறினால் ஏறக்குறைய 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம். ஆனால் நடுவில் பெரும்பகுதி கிட்டத்தட்ட சமவெளி. 80 சதவீதத்திலிருந்து 20 வரை இறங்கும்போதுகூட ஒரு செல்லில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் மாறும். அந்தச் சின்ன மாற்றத்தையும் லேப்டாப் ஓடும் வேகமும் வெப்பநிலையும் ஆட்டிவைக்கும். அதனால்தான் மேல் முனையிலும் கீழ் முனையிலும், அதுவும் பேட்டரி கொஞ்ச நேரம் வேலையில்லாமல் ஓய்ந்திருக்கும்போது மட்டும், கேஜ் சிப் வோல்டேஜை நம்பித் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். முழு கொள்ளளவு இவ்வளவுதான் என்று அது கற்றுக்கொள்வதும் அந்தச் சமயத்தில்தான்.

இப்போது உங்கள் லேப்டாப்பின் வாழ்க்கையைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை சார்ஜரில், 100 சதவீதத்தில். இடையில் பத்து நிமிடம் கரண்ட் போனால் 100 என்பது 90 ஆகும், திரும்ப 100 ஆகும். கீழ் முனையை அது தொடுவதே இல்லை. வாங்கிய புதிதில் தெரிந்த கொள்ளளவையே சிப் இன்னும் நம்பிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ஏன் 40-லிருந்து நேராக 5? இதுதான் உங்கள் கேள்வியின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். செல் தேயத் தேய அதன் கொள்ளளவு குறைவதோடு உள்தடையும், அதாவது கரண்ட் ஓடுவதை செல்லே தடுக்கும் அளவும், கூடும். ஓர் உதாரணத்துக்கு, உங்கள் பேக்கில் மூன்று செல்கள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் 30 வாட் இழுத்தால் ஏறக்குறைய 2.7 ஆம்பியர் ஓடும். புதுசெல்லின் உள்தடை 0.05 ஓம் என்றால், அந்தக் கரண்டில் வோல்டேஜ் இறங்குவது 0.13 வோல்ட்தான். தேய்ந்து 0.15 ஓம் ஆகிவிட்டால் 0.4 வோல்ட் இறங்கும். 3.6 வோல்ட்டில் இருந்த செல் ஒரே நொடியில் 3.2-க்கு வரும். மூன்றில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடப் பலவீனமாக இருந்தால் இன்னும் மோசம். அந்த ஒரு செல் அடிமட்டத்தைத் தொட்டதும், மற்ற இரண்டில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பாதுகாப்பு சர்க்யூட் முழு பேக்கையும் துண்டித்துவிடும். விண்டோஸுக்கு எச்சரிக்கை கொடுக்க நேரமே கிடைக்காது. வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டதைப் பார்த்த கேஜ் சிப், தன் பழைய கணக்கை விட்டுவிட்டு, காலியாவதற்கு முன்னால் கடைசியாக என்ன சொல்ல வேண்டுமோ அந்த எண்ணுக்கு இறங்கிவிடும். நீங்கள் திரும்ப ஆன் செய்ததும் பார்க்கும் 5 அதுதான். அந்த 5 உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, 38-தான் பொய்.

குளிருக்கு வருவோம். சம்பந்தம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை காலையில் 15 டிகிரிக்குக் கீழே போகும். வெப்பம் குறைந்தால் செல்லின் உள்தடை கூடும். நல்ல பேட்டரியாக இருந்தால் 15 டிகிரியில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஏற்கனவே தேய்ந்த பேட்டரி என்றால் மேலே சொன்ன இறக்கம் இன்னும் கொஞ்சம் பெரிதாகி எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டுக் கூடத்தில் 20 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கும் அதே லேப்டாப், மலைமேல் பனிமூட்டக் காலையில் 38 சதவீதத்திலேயே படுத்துவிடுகிறது. ஏற்காட்டுக் குளிர் நோயைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கெடுத்தது பெரும்பாலும் வெப்பமாக இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்து இருப்பதுதான் மிகவும் ஆகாதது. சேலத்துச் சித்திரை வெயிலில், புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூட்டி நிறுத்திய காருக்குள் 100 சதவீதம் ஏற்றிய லேப்டாப் பையை விட்டுப்போவது, குளிரில் ஒரு வாரம் வேலை செய்வதைவிடப் பெரிய கெடுதல். உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததால் சிப் குழம்பவில்லை.

சரி, பரிசோதனைக்குப் போவோம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் லேப்டாப்பை மூடி, கடப்பாக்கல் மேடை மாதிரி சமமான இடத்தில் வையுங்கள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஆடுகிறதா? திறந்து டச்பேடை அழுத்திப் பாருங்கள். முன்பு கிளிக் ஆன இடம் இறுகிப் போயிருக்கிறதா, ஓர் ஓரம் மேலே எழும்பியிருக்கிறதா, கீழ்மூடியின் இணைப்பில் மெல்லிய இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். அதோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடாமல், அணைத்து, நேராகக் கடைக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள். கீழே சொல்லப்போகும் எதையும் உப்பிய பேட்டரியில் செய்யக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தீப்பிடிக்கும்.

உப்பவில்லை என்றால் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ட் என்று தேடித் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு ஒன்று போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே சொல்லும். அதை பிரவுசரில் திறக்கலாம்.

அறிக்கை நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். மேலே டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும், மில்லிவாட்-அவர் (மில்லிவாட் மணி) கணக்கில். முதலாவது, பேட்டரி பிறந்தபோது இருந்த அளவு. இரண்டாவது, இன்றைக்கு இவ்வளவு கொள்ளும் என்று கேஜ் சிப் நம்பும் அளவு. கவனியுங்கள், நம்பும் அளவு. கீழே போனால் பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி என்று வாரவாரியாக ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் பார்க்காமல் விட்டுவிடும் இடம் அது, உங்களுக்கு வேண்டிய பதிலும் அங்கேதான் இருக்கிறது. ஆரோக்கியமான கணக்கு என்றால் அந்த எண் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, சில சமயம் ஏறி இறங்கிக்கூட, நகர்ந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் ஒரே எண் கடைசி இலக்கம்வரை மாறாமல் அப்படியே நின்றால், சிப் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள்.

உதாரணத்துக்கு டிசைன் 41,000, ஃபுல் சார்ஜ் 39,500 என்று இருக்கிறது, பட்டியலிலும் அதே 39,500 நீண்ட நாளாக நிற்கிறது, ஆனாலும் 38-ல் அணைகிறது என்றால், சிப்பின் கணக்கு காலாவதியாகிவிட்டது. மூன்று வருடம் சூட்டிலும் சார்ஜரிலும் இருந்த பேட்டரி 96 சதவீதம் ஆரோக்கியமாக இருப்பது நம்பும்படியாக இல்லை. அதற்குப் பதில் ஃபுல் சார்ஜ் 18,000 என்று காட்டினால் சிப் உண்மையைத்தான் சொல்கிறது. பேட்டரியில் பாதிகூட மிச்சம் இல்லை. அதை வைத்துக்கொண்டு மற்ற பரிசோதனைகளில் நேரம் செலவழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். எண்ணே வராமல் கோடு மட்டும் இருந்தாலோ, பேட்டரி இல்லை என்று சொன்னாலோ கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வகை என்றால் ஒரே ஒருமுறை கேலிப்ரேஷன் செய்து பாருங்கள். கல்லாவைத் திறந்து எண்ணி நோட்டைச் சரிசெய்வது. உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பார்கள் அல்லவா, வழக்கமாகக் காலை 9 முதல் மாலை 5 வரை? அந்த நாளையே இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். முந்தைய நாள் இரவு முழுதாக ஏற்றி, 100 ஆன பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். காலையில் கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட விடுங்கள். டாலி கணக்கு மென்பொருளையோ எக்செலையோ திறந்து வேலை செய்யாதீர்கள். எப்போது அணையும் என்று தெரியாது. பென்டிரைவில் பேக்கப் எடுத்துவிட்டு, வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்து ஏதாவது ஒரு வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டால் போதும். சுமை லேசாக இருப்பது முக்கியம். கனமான வேலை கொடுத்தால் வோல்டேஜ் சீக்கிரம் இறங்கி, சிப் தப்பான பாடம் கற்றுக்கொள்ளும். ஸ்லீப் ஆகாமல் இருக்க பவர் செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பேட்டரி மிகவும் குறைந்தால் ஹைபர்னேட் ஆகும் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணையும்) அமைப்பை அணைக்காதீர்கள், 5 சதவீதத்தில் அது தன் வேலையைச் செய்யட்டும். அணைந்த பிறகு மாலை வரை அப்படியே கிடக்கட்டும். இந்த ஓய்வைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அணைந்த உடனே சார்ஜர் போட்டால், செல்லின் வோல்டேஜ் நிதானத்துக்கு வருவதற்குள் சிப்பின் வாய்ப்பு போய்விடும். கரண்ட் வந்ததும், லேப்டாப்பை ஆன் செய்யாமலே, இடையில் பிடுங்காமல் 100 வரை ஏற்றுங்கள். சில பிராண்டுகளில் இதையே தானாகச் செய்யும் கேலிப்ரேஷன் வசதி பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) அவர்கள் தரும் ஆப்பிலோ இருக்கும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பிறகு மறுபடி அறிக்கை எடுங்கள். 39,500 இருந்த இடத்தில் 25,000 என்று வரலாம். கேலிப்ரேஷன் செய்து பேட்டரியைக் கெடுத்துவிட்டோம் என்று பதறுபவர்கள் உண்டு. கெட்டது முன்பே கெட்டது, இப்போதுதான் கணக்கில் ஏறியிருக்கிறது. கேலிப்ரேஷன் ஒரு துளி கொள்ளளவையும் திரும்பக் கொண்டுவராது. அது தருவது ஒன்றுதான்: இனி 10 என்று காட்டினால் உண்மையில் 10 இருக்கும், சேவ் செய்ய நேரம் கிடைக்கும். 25,000-ஐ வைத்து ஆபீசில் கரண்ட் போகும் இடைவெளியைச் சமாளிக்க முடிந்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், தப்பில்லை. கேலிப்ரேஷனுக்குப் பிறகும் 30, 40-ல் திடீரென்று அணைந்தால் ஒரு செல் மட்டும் சாய்ந்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, 0 காட்டியும் லேப்டாப் ஓடிக்கொண்டே இருப்பது. அப்படிச் சந்தேகம் இருந்தால் பயாஸ் திரையைத் திறந்து அப்படியே விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸ் குறுக்கிட்டு அணைக்காது. 0-க்குப் பிறகும் நெடுநேரம் தாங்கினால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கணக்குதான் பிசகியிருக்கிறது. உங்கள் கதை அது இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், இணையத்தில் எல்லோரும் சொல்லும் சில வைத்தியங்கள். டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்வது பாதகமில்லை. விண்டோஸ் பழைய எண்ணில் உறைந்துபோயிருந்தால் பலிக்கும், செல் தேய்ந்திருந்தால் பலிக்காது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடிப்பதும் அப்படித்தான். 60 அல்லது 80-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் அது கோளாறே இல்லை. பேட்டரியைப் பாதுகாக்க சார்ஜ் வரம்பு வைத்திருக்கிறார்கள், கம்பெனி ஆப்பில் பாருங்கள். சொல்லப்போனால் எப்போதும் சார்ஜரில் இருக்கும் உங்கள் மாதிரி ஆட்கள் அந்த வரம்பை வைத்துக்கொள்வதுதான் நல்லது. கேலிப்ரேஷன் அன்று மட்டும் எடுத்துவிடுங்கள். மிச்ச நேரம் 2 மணி, 4 மணி என்று மாறி மாறிக் காட்டுவதும் கோளாறு இல்லை, அந்த நொடியின் சுமையை வைத்துச் சொல்லும் ஊகம் அது. மாதம் ஒருமுறை முழுதாகக் காலி செய்தால் பேட்டரி நீடிக்கும் என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கூடுதல் தேய்மானம்.

மதர்போர்டு என்று எப்போது சந்தேகப்படலாம்? அறிக்கையில் எண்ணே வராதபோது, அல்லது அதே மாடலின் நல்ல பேட்டரியைப் போட்டும் அதே குழப்பம் தொடரும்போது. அப்போதும் முதலில் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி தன் எண்களைச் சொல்வதற்கென்று தனிக் கம்பிகள் உண்டு. மழைக்காலத்தில் மலைமேல் ஈரம் கோத்து, கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அந்தப் பேச்சு விட்டுவிட்டு வரும். துடைத்துச் செருகினாலே சரியாகிவிடும் வேலைக்கு மதர்போர்டு விலை சொல்பவர்கள் உண்டு. வேறு பேட்டரி போட்டுக் காட்டாமல் மதர்போர்டு என்று சொல்லும் கடையில் விடாதீர்கள்.

புது பேட்டரி வாங்குவதானால் பழையதைக் கழற்றி, மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர்-அவர் என்று இருந்தால் பெருக்கினால் 41 வாட்-அவர் வரவேண்டும். பெருக்கல் ஒத்துவராத லேபிளை நம்பாதீர்கள். சேலம் ஐந்து ரோடு பக்கமோ வேறெங்கோ கடையிலேயே மாட்டி, அங்கேயே மேலே சொன்ன அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டிசைன் கெப்பாசிட்டி லேபிளோடு பொருந்த வேண்டும், ஃபுல் சார்ஜ் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை முழுதாக ஏற்றி இறக்கியிருக்கிறது என்ற கணக்கு) காட்டும் மாடலாக இருந்தால் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கில் இருந்தால் பழசைத் துடைத்துத் தருகிறார்கள். பேக்கைப் பிரித்து செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பேன். செல் புதிதானாலும் கேஜ் சிப்பில் பழைய கணக்கே இருக்கும். சில சிப்கள் செல்லைப் பிரித்ததுமே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

அதுவரை ஆபீஸ் மேசையில் சின்னதாக ஒரு யூபிஎஸ் வைத்து லேப்டாப் சார்ஜரை அதில் செருகிவிடுங்கள். கோடை இடிமழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் டாலி டேட்டா பாதியில் அறுபடாது. பழைய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். கனெக்டர் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.